பருவம் முடியுமுன் கனிவோம்

பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு – இரண்டாம் ஆண்டு
ஆமோஸ் 7:12-15, திருப்பாடல் 85:8-13, எபேசியர் 1:3-14, மாற்கு 6:7-13



பெத்தேல், வடநாடாகிய இஸ்ரயேலின் அரச வழிபாட்டுத் தலம். மன்னர் இரண்டாம் எரொபவாம் ஆண்ட காலம். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 760 ஆண்டுகளுக்கு முன். தென்னாட்டு யூதாவிலிருந்து ஒருவர் எல்லை தாண்டி அங்கே வந்து, அரசருக்கும் செல்வர்களுக்கும் பிடிக்காத வார்த்தைகளைப் பேசிக்கொண்டிருக்கிறார். அந்தத் தலத்தின் குரு அமட்சியாவால் பொறுக்க முடியவில்லை. உன் ஊருக்கே ஓடிப்போ, அங்கே வாக்குச் சொல்லிப் பிழைத்துக்கொள், இது அரசர் தொழும் இடம், இங்கே உனக்கு வேலை இல்லை என்று துரத்துகிறார். இன்றைய முதல் வாசகம் காட்டும் மோதல் இதுதான்.

ஆமோஸ் என்ன பதில் சொன்னார்? பரம்பரைப் பெருமையையோ படிப்பையோ அவர் எடுத்துக் காட்டவில்லை. தம் தொழிலைச் சொன்னார். இறைவாக்குச் சொல்வது என் பிழைப்பு அல்ல. ஆடு மாடு மேய்ப்பதும் காட்டு அத்தி மரங்களைப் பேணுவதும்தான் என் பிழைப்பு. மந்தைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த என்னை ஆண்டவரே பிடித்து அனுப்பினார் என்றார்.

ஆடு மேய்த்தவர்கள் திருநூலில் பலர் உண்டு. மோசே மேய்த்தார், தாவீது மேய்த்தார். அதனால் ஆமோஸ் மேய்ப்பர் என்றதும் நமக்குப் புரிந்துவிடுகிறது. அவருடைய இன்னொரு தொழிலை, அந்த அத்தி மரத் தொழிலை, காதில் வாங்கியும் வாங்காமலும் கடந்துபோகிறோம். இன்று அங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். பருவம் போவதற்குள் காயைக் கனிய வைக்கும் தொழில் அது. அதைத் தெரிந்துகொண்டால், ஆமோஸின் சொல் ஏன் அவ்வளவு கூர்மையாக இருந்தது என்பது விளங்கும். இன்றைய நற்செய்தியில் பன்னிருவரின் கையில் ஏன் எண்ணெய் இருந்தது என்பதும் விளங்கும்.

ஆமோஸின் ஊர் தெக்கோவா. எருசலேமுக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த மேட்டு நிலம். ஆடு மேய்க்க நல்ல இடம். ஆனால் காட்டு அத்தி குளிர் தாங்காத மரம். எகிப்தில் உறைபனியால் அந்த மரங்கள் அழிந்ததைத் திருப்பாடல் 78 நினைவுகூருகிறது. வெப்பமான தாழ்நிலமே அதற்கு ஏற்றது. மேற்கே செபேலாவில் அது மண்டிக்கிடந்தது. சாலமோன் காலத்தில் கேதுரு மரம் எவ்வளவு மலிந்துபோயிற்று என்று சொல்ல வந்த அரசர்கள் நூல், செபேலாவின் காட்டு அத்தியைத்தான் அளவாக எடுக்கிறது. தாவீது அரசர் அங்கிருந்த ஒலிவ மரங்களையும் காட்டு அத்தி மரங்களையும் கவனிக்கத் தனிப் பொறுப்பாளர் ஒருவரை நியமித்திருந்தார் என்று குறிப்பேடு சொல்கிறது. கிழக்கே எரிகோவிலும் அது உண்டு. சக்கேயு ஏறி உட்கார்ந்தது அந்த மரத்தில்தான். ஆக, ஆமோஸ் தம் மலையூரைவிட்டு இறங்கி நடந்து, தாழ்நிலத்துக்குப் போய்த்தான் இந்த வேலையைப் பார்த்திருக்க வேண்டும். பருவம் பார்த்து ஊர்விட்டு ஊர் போய் உழைப்பவர்களின் களைப்பு அவருக்குத் தெரியும்.

நம் ஊர் அத்தி மரத்தைப் பார்த்திருப்பீர்கள். அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் கொத்துக் கொத்தாகக் காய் ஒட்டிக்கொண்டிருக்கும். காட்டு அத்தி அதற்கு நெருங்கிய உறவு. 'அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்று நம் பெரியவர்கள் சொன்னது சும்மா சொன்னதல்ல. அத்தியின் பூ வெளியே தெரியாது. காய் என்று நாம் சொல்லும் அந்த உருண்டைக்குள்ளேதான் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் இருக்கின்றன. நுனியில் உள்ள கண் போன்ற துளை வழியாக மிகச் சிறிய குளவிகள் உள்ளே நுழைகின்றன. மகரந்தத்தையும் சேர்க்கின்றன, முட்டையும் இடுகின்றன.

காட்டு அத்தியின் தாயகம் ஆப்பிரிக்கா. அங்கே அதற்கென்றே உள்ள குளவி மகரந்தம் சேர்க்க, காய் விதை பிடித்துத் தானே கனிகிறது. எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் மரம் வந்து சேர்ந்தது; அந்தக் குளவி வந்து சேரவில்லை. அங்கே இருப்பது வேறொரு குளவி. அது காய்க்குள் முட்டையிட்டுப் பெருகும். மகரந்தம் மட்டும் சேர்க்காது. அதனால் அந்த நாடுகளில் காட்டு அத்தி விதை பிடிப்பதில்லை. போத்து வெட்டி நட்டுத்தான் புது மரம் வளர்க்க வேண்டும். காயைச் சும்மா விட்டுவிட்டால் சிறுத்து இறுகி நிற்கும். அல்லது உள்ளே குளவி பெருகி, வாயில் வைக்க உதவாமல் போகும். மரம் நிறையக் காய் இருக்கும். கூடையில் ஒரு பழம் இருக்காது.

அந்தக் குறையைத் தீர்ப்பதே ஆமோஸ் போன்றவர்களின் வேலை. சிறு கத்தியோடு மரத்தில் ஏறுவார்கள். ஒவ்வொரு காயாகக் கையில் பிடித்து, தோலில் ஒரு கீறல் போடுவார்கள். காம்பு அறுபடக் கூடாது; காய் பிளந்துபோகக் கூடாது. கீறிய இடத்தில் பால் துளிர்க்கும். அடுத்த காய். அதற்கடுத்த காய். பிறகு அடுத்த கிளை. கீறிய மூன்று நான்கு நாளில் அந்தக் காய் பருத்து, நிறம் மாறி, மெத்தென்று இனிக்கத் தொடங்கும். உள்ளே குளவி முதிர்ந்து கெடுப்பதற்குள் பழம் கைக்கு வந்துவிடும்.

இது ஏதோ ஓர் ஊரின் கைவைத்தியம் அல்ல. கிறிஸ்துவுக்கு 300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ், எகிப்தின் காட்டு அத்தியை இரும்பு நகங்களால் கீறும் வழக்கத்தையும், கீறிய காய் நான்காம் நாளில் கனிவதையும் எழுதி வைத்திருக்கிறார். பழைய எகிப்தியக் கல்லறைகளில் கிடைத்த காய்ந்த அத்திப் பழங்களில் அந்தக் கீறலின் தழும்பு இன்றும் தெரிகிறது. 1968இல் இஸ்ரேல் நாட்டுத் தாவரவியலாளர் கலில் இந்தப் பழைய முறையை ஆராய்ந்து எழுதினார். காயம் பட்ட காய் தனக்குள்ளேயே எத்திலீன் என்னும் வாயுவைச் சுரக்கிறது என்பதும், அதுவே காயைக் கனியத் தூண்டுகிறது என்பதும் ஆய்வுகளால் தெரியவந்தன.

அன்பார்ந்தவர்களே, இதை மனத்தில் நிறுத்துங்கள். கத்தியில் இனிப்பு இல்லை. கத்தி காய்க்குள் எதையும் கொண்டுபோய் வைக்கவில்லை. இனிப்பாக மாறக்கூடியது எல்லாம் முன்பே காய்க்குள் இருக்கிறது. மரம் கொடுத்தது, மரத்துக்கு மண்ணும் வெயிலும் கொடுத்தது. கீறல் அதை எழுப்பிவிடுகிறது, அவ்வளவுதான்.

இப்போது ஆமோஸின் போதனையைக் கேட்டுப் பாருங்கள். எரொபவாமின் ஆட்சியில் நாடு செழித்திருந்தது. செல்வர்களுக்குக் குளிர்காலத்துக்கு ஒரு வீடு, கோடைக்கு ஒரு வீடு. சாய்ந்திருக்க யானைத் தந்தத்தால் இழைத்த கட்டில்கள். கோவிலில் பலிகளுக்குக் குறைவில்லை, பாடல்களுக்குக் குறைவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் மரம் நிறையக் காய். பிட்டுப் பார்த்தால்? ஒரு சோடிக் காலணிக்கு ஏழையை விற்கிறார்கள். மரக்காலைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி, கள்ளத் தராசில் நிறுக்கிறார்கள். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்திருக்கிறார்கள். இறுகிப்போன காய்; உள்ளே அத்தனையும் புழு.

அந்தக் காயின்மேல் ஆண்டவர் போட்ட கீறல்தான் ஆமோஸின் வார்த்தை. அது வலித்தது. அமட்சியாவுக்கு அது கோடரியாகத் தெரிந்தது. மரத்தையே வெட்ட வந்திருக்கிறான் என்று பதறி அரசருக்கு ஆள் அனுப்பினார். ஆனால் ஆமோஸின் நூலை முழுவதும் வாசித்தால் ஆண்டவரின் நோக்கம் தெரியும். என்னைத் தேடுங்கள், வாழ்வு பெறுவீர்கள் என்பதே அந்த நூலின் நடுவிலிருந்து திரும்பத் திரும்ப எழும் அழைப்பு. பஞ்சம் வந்ததையும் மழை பொய்த்ததையும் பயிர் கருகியதையும் சொல்லி, இத்தனைக்குப் பிறகும் நீங்கள் என்னிடம் திரும்பவில்லையே என்று ஆண்டவர் ஐந்து முறை ஆற்றாமையோடு கேட்கிறார். அழிக்க நினைப்பவர் அப்படிக் கேட்கமாட்டார். கனியாதா என்று ஏங்குபவர்தான் கேட்பார்.

இன்றைய வாசகம் முடிகிற இடத்துக்கு அடுத்த பக்கத்திலேயே, எட்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தில், ஆண்டவர் ஆமோசுக்கு ஒரு காட்சி காட்டுகிறார்: ஒரு கூடை கனிந்த பழங்கள். பருவம் முடிந்துவிட்டது என்பதே அதன் பொருள். அமட்சியா துரத்திவிட்ட அந்த வார்த்தைக்குப் பிறகு அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை, கி.மு. 722இல் அசீரியரிடம் வடநாட்டின் தலைநகரான சமாரியா விழுந்தது. தந்தக் கட்டில்களும் மாளிகைகளும் போயின. கீறலைத் தாங்க மறுத்த மக்களுக்குப் பருவம் காத்திருக்கவில்லை.

நம் வாழ்வுக்கும் ஒரு பருவம் உண்டு. அதற்கு ஒரு முடிவும் உண்டு. இதை நான் அச்சுறுத்தச் சொல்லவில்லை. திராட்சைத் தோட்டத்தில் நட்ட அத்தி மரத்தைப் பற்றி ஆண்டவர் இயேசு சொன்ன உவமையை லூக்கா 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மூன்று ஆண்டு கனி தேடி ஏமாந்த உரிமையாளரிடம், இன்னும் ஓராண்டு விட்டுவையுங்கள், சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன் என்று தொழிலாளர் கெஞ்சுகிறார். அந்த ஓராண்டு சும்மா இருப்பதற்குக் கொடுத்த தவணை அல்ல. கை வைத்து வேலை செய்வதற்குக் கேட்டு வாங்கிய தவணை. கடவுளின் பொறுமை அப்படிப்பட்டது. அவர் தொலைவில் நின்று காய் கனிகிறதா என்று வேடிக்கை பார்ப்பவர் அல்லர். மரத்தருகே ஆள் அனுப்புகிறவர்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியவை இரண்டு. நம்மேல் விழும் கீறலை ஏற்க வேண்டும். பிறரைக் கனிய வைக்கும் கையாகவும் மாற வேண்டும். இரண்டுமே கடினம். இரண்டாவதில் நாம் அதிகம் தவறுகிறோம். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

'தானாகக் கனியாததைத் தடிகொண்டு அடித்தால் கனியுமா' என்பது நாம் வீட்டில் அடிக்கடி சொல்லும் சொல். சரியான சொல்தான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஒன்று, கையில் தடியையே எடுக்கிறோம். அல்லது தானாகக் கனியட்டும் என்று கைகழுவிவிடுகிறோம். மகன் குடிக்கத் தொடங்கியிருக்கிறான் என்று தெரிகிறது. ஒன்று, சொந்தக்காரர்கள் கூடியிருக்கும் இடத்தில் வைத்து மானத்தை வாங்குகிறோம். இல்லையென்றால், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று வாய்மூடி இருக்கிறோம். தடியும் கனிய வைக்காது, கைகழுவுவதும் கனிய வைக்காது. ஆமோஸின் தொழில் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கையில் பிடித்து, ஒரே ஒரு காயை மட்டும் பார்த்து, வேண்டிய அளவுக்கு மட்டும் கீறுவது. தனியாக உட்கார வைத்து, "தம்பி, நீ தினமும் குடிச்சிட்டு வர்றது எனக்குத் தெரியும். உன்னை இழக்க எனக்கு மனசில்லை" என்று சொல்லும் அண்ணனின் வார்த்தை அப்படிப்பட்டது. அது வலிக்கும். காம்பை அறுக்காது.

நேரமும் பார்க்க வேண்டும். நாம் கடையில் வாங்கும் சீமை அத்தியின் வளர்ச்சியைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரியும். காய் முதலில் வேகமாகப் பருக்கும். பிறகு வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். பருக்காது, நிறம் மாறாது, கல் போலக் கிடக்கும். இது அவ்வளவுதான், இனிக் கனியாது என்று தோன்றும். பிறகு சில நாளில் திடீரென்று பருத்து, தொங்கி, இனித்துவிடும். மத்தியதரைக் கடலோர உழவர்கள் பழங்காலம் முதல் ஒன்றைச் செய்துவந்தார்கள். காயின் கண்ணில் ஒரு துளி ஒலிவ எண்ணெய் தடவுவார்கள். தடவிய காய் தடவாத காயைவிடப் பல நாள் முந்திக் கனியும். ஜப்பானின் அத்தித் தோட்டங்களிலும் இந்த எண்ணெய் முறை உண்டு. இங்கும் நடப்பது அதேதான்: எண்ணெய் பட்ட காய் எத்திலீனைச் சுரக்கிறது. ஆனால் இதற்கு நேரம் உண்டு. காய் அசையாமல் நிற்கும் அந்த நடுக்காலத்தின் கடைசியில்தான் தடவ வேண்டும். அவசரப்பட்டு முன்கூட்டியே தடவினால் பலன் இல்லை. காய் கெடவும் கூடும். இன்னொன்று: முற்றாமல் பறித்த அத்தியை வீட்டில் வைத்துக் காத்திருந்தால் அது இனிப்பதில்லை. மரத்தோடு இருக்கும்போதே அது கனிந்தாக வேண்டும்.

பிள்ளைகள் வளரவில்லையே, செபம் செய்ய மாட்டேன் என்கிறார்களே, கோவிலுக்கு வா என்றால் முகம் சுளிக்கிறார்களே என்று வருந்தும் தாய்மாரே, தந்தையரே, மறைக்கல்வி ஆசிரியர்களே, அசையாமல் நிற்கும் காலமும் வளர்ச்சியின் ஒரு பகுதிதான். காய் செத்துவிட்டது என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள். அந்தக் காலத்தில் நீங்கள் காக்க வேண்டியது ஒன்று உண்டு: அவர்களுக்கும் மரத்துக்கும் உள்ள தொடர்பு. வீட்டில் மாலை செபம் நின்றுவிடாமல் இருக்கட்டும். அவர்கள் உட்காராவிட்டாலும் நீங்கள் உட்காருங்கள். பேச வேண்டிய நேரம் வரும். அதைக் கவனித்துப் பிடியுங்கள். தேர்வில் தோற்ற இரவு, நண்பன் ஏமாற்றிய நாள், வேலை கிடைக்காமல் திரும்பிய மாலை, இவைதாம் அந்த நேரங்கள். அன்றைக்கு ஒரு துளி போதும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. அமட்சியா ஆமோஸைப் பார்த்து, போய் அங்கே வாக்குச் சொல்லிப் பிழைத்துக்கொள் என்றபோது, நீ காசுக்காகப் பேசுகிறவன் என்று குத்திக் காட்டினார். ஆமோஸ் அதற்குத்தான் தம் தொழிலைச் சொல்லிப் பதில் கொடுத்தார். எனக்கு ஆடு இருக்கிறது, அத்தி மரம் இருக்கிறது. இதில் எனக்கு ஆதாயம் எதுவும் இல்லை என்றார். இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இயேசு பன்னிருவரை இருவர் இருவராக அனுப்பும்போது சொல்வதைக் கவனியுங்கள். உணவு வேண்டாம், பை வேண்டாம், இடைக்கச்சையில் காசு வேண்டாம், இரண்டு அங்கி வேண்டாம். ஒரு கைத்தடியும் காலில் மிதியடியும் போதும். மனந்திரும்புங்கள் என்று பிறரிடம் சொல்லப் போகிறவனுக்கு, அந்தச் சொல்லால் சல்லிக்காசு ஆதாயம் இருக்கக் கூடாது.

குளிர்நாட்டில் அத்தி வளர்ப்பவர்கள் பருவம் முடியப்போகும் நேரத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கடைசியில் பிடித்த பொடிக் காய்களைக் கிள்ளி எறிகிறார்கள். கோடையிலேயே கிளையின் குருத்தைக் கிள்ளி, இலை மேலும் மேலும் விடாமல் நிறுத்துகிறார்கள். தழைச்சத்து உரத்தைக் குறைக்கிறார்கள். மரத்தின் வலு இலைக்குப் போகாமல், உறைபனிக்கு முன் கனியக்கூடிய காய்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. இயேசு தம் சீடர்களின் பையையும் காசையும் இரண்டாவது அங்கியையும் களைந்து அனுப்பியதும் இதற்காகத்தான். நாமும் யாரையாவது திருத்த வாய் திறப்பதற்கு முன் நம்மையே கேட்போம்: இதைச் சொல்வதால் எனக்கு என்ன லாபம்? என் பேச்சு எடுபட வேண்டும் என்ற வீம்பா? பழைய கணக்கைத் தீர்க்கும் ஆசையா? மருமகளைத் திருத்துகிறேன் என்று சொல்லி மகனை என் பக்கம் இழுக்கிறேனா? பங்குப் பேரவையில் நியாயம் பேசுகிறேன் என்று சொல்லிப் பதவியைப் பார்க்கிறேனா? அப்படி ஏதாவது இருந்தால் முதலில் அதைக் கிள்ளி எறிவோம். பிறகு பேசுவோம்.

இனி நற்செய்தியின் கடைசி வரிக்கு வாருங்கள். பன்னிருவர் போய் என்ன செய்தார்கள்? மக்கள் மனந்திரும்ப வேண்டும் என்று பறைசாற்றினார்கள். பேய்களை ஓட்டினார்கள். நோயுற்றோர் பலரை எண்ணெய் பூசிக் குணப்படுத்தினார்கள். கீறலும் எண்ணெயும் ஒரே பயணத்தில், ஒரே கையில். மனந்திரும்பு என்பது கீறல். நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பூசுவது எண்ணெய். கீறல் மட்டும் தெரிந்த திருச்சபை மக்களைக் காயப்படுத்திவிட்டுப் போய்விடும். எண்ணெய் மட்டும் தெரிந்த திருச்சபை உள்ளே புழு பெருகுவதைப் பார்த்துக்கொண்டே தடவிக்கொடுத்துக்கொண்டிருக்கும். ஆண்டவர் நம்மிடம் இரண்டையும் ஒப்படைத்திருக்கிறார்.

எண்ணெயைப் பற்றி, உங்கள் பங்கின் மேய்ப்பன் என்ற முறையில் நான் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நோயில் பூசுதல் என்னும் அருளடையாளத்தை நாம் இன்னும் கடைசி மூச்சுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். "ஃபாதர், இப்ப வந்தீங்கன்னா அம்மா பயந்துருவாங்க. நாங்க அப்புறம் சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லும் பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். பிறகு நள்ளிரவில் அழைப்பு வரும். போய்ப் பார்த்தால் அந்த அம்மாவுக்கு நினைவு இருக்காது. பாவ மன்னிப்புக் கேட்க வாய் இருக்காது, நற்கருணை வாங்க விழுங்க முடியாது, பேசாமல் இருந்த தங்கையைக் கூப்பிடச் சொல்லக்கூட முடியாது. பிள்ளைகளின் அன்பில் குறை இல்லை. ஆனால் பருவம் போய்விட்டது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத்திரட்டில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: இது சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்கு மட்டும் உரிய அருளடையாளம் அல்ல, நோயாலோ முதுமையாலோ ஒருவருக்கு உயிர் ஆபத்து தொடங்கும்போதே இதைப் பெறுவதற்கான நேரம் வந்துவிட்டது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புதிய சடங்குமுறையை அங்கீகரித்தபோது, ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடங்களில் வேறு தாவர எண்ணெயையும் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தார். ஒலிவம் விளையாத ஊரிலும் இந்த அருள் தடைபடக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஆகவே பெரிய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவுடன் சொல்லுங்கள். எண்பது வயது தாண்டிய பெரியவர் தளர்ந்து படுத்தவுடன் சொல்லுங்கள். அவர் தெளிவாக இருக்கும்போது, தாமே சிலுவை அடையாளம் போட்டு, தாமே ஆமென் சொல்லி அந்த எண்ணெயைப் பெறட்டும். பழைய மனக்கசப்பு இருந்தால் அதைப் பேசித் தீர்க்க அவருக்கு நேரம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய மகனின் கடமை, மகளின் கடமை வேறு என்ன இருக்கிறது?

இறுதியாக, நம்மேலேயே விழும் கீறலைப் பற்றி. மனைவி சொன்ன ஒரு வார்த்தை, மருத்துவர் சொன்ன ஒரு செய்தி, நம்பிய இடத்தில் கிடைத்த ஏமாற்றம், மறையுரையில் கேட்டுத் தூக்கம் போன ஒரு வரி. துன்பம் எல்லாம் கடவுள் போட்ட கீறல் என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் அப்படிப் பேசுவது கொடுமை. ஆனால் எந்தக் காயத்தையும் ஆண்டவரிடம் கொண்டுவரலாம். அவர் கையில் அது கனிவுக்கு வழியாகும் என்று நம்பலாம். ஏனென்றால், இன்றைய இரண்டாம் வாசகத்தில் பவுலடியார் சொல்வதுபோல, உலகம் தோன்றுமுன்பே கடவுள் நம்மைக் கிறிஸ்துவில் தேர்ந்துகொண்டார். நற்செய்தியை நம்பிய நமக்குத் தூய ஆவியை முத்திரையாகப் பதித்திருக்கிறார். இனிப்பு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. திருமுழுக்கு நாளிலிருந்து அந்த அருள் நம்முள் இருக்கிறது. காலம் நிறைவுறும்போது விண்ணில் உள்ளவை, மண்ணில் உள்ளவை அனைத்தையும் கிறிஸ்துவின் தலைமையில் ஒன்றுசேர்ப்பதே தந்தையின் திட்டம். அந்த நிறைவுக்கு நாமும் கனிந்து போய்ச் சேர வேண்டும் என்பதே அவருடைய ஆசை. நம் நிலம் தன் விளைவைக் கொடுக்கும் என்று பதிலுரைப் பாடலில் நாம் பாடியதும் அந்த நம்பிக்கையைத்தான்.

அதனால் இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்யும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்களைப் புண்படுத்திய ஒரு நேர்மையான சொல்லை எடுத்து, சொன்னவர்மேல் கோபப்படாமல், அது உண்மையா என்று நற்கருணைப் பேழைக்கு முன் உட்கார்ந்து யோசியுங்கள். நீண்ட நாளாகச் சொல்லத் தயங்கிய ஒன்றை, சொல்லியே ஆக வேண்டிய ஒருவரிடம், தனியாக, அன்பாக, ஆதாயம் பார்க்காமல் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அவரை விட்டுப் போய்விடாமல் கூடவே இருங்கள். உங்கள் தெருவில் படுக்கையில் இருக்கும் முதியவர் யாராவது இருந்தால், அவர் வீட்டாரோடு பேசி, இந்த வாரமே எனக்குத் தெரியப்படுத்துங்கள். பகலோ இரவோ, நான் வருகிறேன்.

மன்றாடுவோம். ஆண்டவரே, மந்தையின் பின்னே நடந்த ஆமோஸை நீர் அழைத்தீர்; காலில் மிதியடியோடும் கையில் எண்ணெயோடும் பன்னிருவரை அனுப்பினீர். எங்களிடமும் உம்முடைய ஆட்களை அனுப்பும். அவர்களை அமட்சியாவைப் போலத் துரத்தாத மனத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் வீட்டில் கனியாமல் நிற்கும் ஒவ்வொருவரையும் நாங்கள் கைவிடாமல் காக்க அருள்தாரும். எங்கள் நாள்கள் முடியுமுன் உமக்கு உகந்த கனியாக எங்களை ஆக்கும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.